வில் கழற்றும் படலம்

ஜனகருடைய சபையில் வில்லை ஒடிப்பதுதான் பெரிய காரியமாயிருந்தது. எங்கள் மேலப்பாளையத்தில் அந்தக் கஷ்டமே கிடையாது. தெருக் குழிகளின் கிருபையால் வில் தானாகவே ஒடிந்துவிடும். ஒடிந்த வில்லைக் கழற்றுவதுதான் பிரம்மப் பிரயத்தனம். நான் சொல்லுவது மோட்டார் வண்டியின் வில்.

மோட்டாருக்கு வில் ஏது என்று கேட்கும் நேயர்கள், நம் பாட்டனார் ஏறிப்போன வில் வண்டியை நினைத்துக்கொள்ள வேண்டும். சாதாரண மாட்டு வண்டிக்கும் வில் வண்டிக்கும் உள்ள வித்தியாசமெல்லாம், அச்சுக்கும் கூட்டுக்கும் நடுவில் வளைந்து கிடக்கும் எஃகுப் பட்டைகள்தாம். ஒன்றின் மேல் ஒன்றாக, நீளம் குறைந்துகொண்டே வரும்படி அடுக்கிய அந்தப் பட்டைகளைப் பட்டறைக்காரர்கள் கமான் பட்டை என்கிறார்கள். கமான் என்றாலும் வில் என்றுதான் அர்த்தம். திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரத்துக்கு வில் வண்டியில் போன பெரியவர்களின் முதுகெலும்பைக் காப்பாற்றிய அதே சாதனம், பிறகு அம்பாஸடர் காரின் பின்புறத்தில் குடியேறி, நம்முடைய முதுகெலும்பையும் காப்பாற்றி வந்திருக்கிறது.

அம்பாஸடரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1942-ல் பிர்லா குடும்பத்தார் ஆரம்பித்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் தொழிற்சாலை வைத்து, இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியை நம் நாட்டு வண்டியாக்கியது. 1950-களின் கடைசியில் பிறந்த அம்பாஸடர் 2014-ம் வருஷம் மே மாதத்தில் உற்பத்தி நின்று ஓய்ந்தது. அதன் பெயரை மட்டும் 2017-ல் ஒரு பிரெஞ்சுக் கம்பெனி எண்பது கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. நம் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கத்தில் 1961 முதல் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு அதற்கும் முன்பே மறைந்தது. பம்பாயில் டாக்ஸியாக ஓடிய பிரீமியர் பத்மினிகளும் 2023 அக்டோபரோடு தெருவை விட்டு விலகின. ஆனால் வண்டி உற்பத்தி நின்றுவிட்டால் வண்டி நின்றுவிடுமா? திருநெல்வேலிச் சீமையில் இன்னும் எத்தனையோ வீட்டு வாசலில் வெள்ளை அம்பாஸடர் நிற்கிறது. முழங்கால் வலிக்காரர்கள் குனியாமல் ஏறி இறங்க அதைப்போல் வேறு வண்டி இல்லை என்பது என் தாயாரின் தீர்ப்பு. பதினைந்து நாளுக்கு ஒரு முறை பாளையங்கோட்டைக்கு வைத்தியத்துக்குப் போகிறவர்கள் ஆகையால், அந்தத் தீர்ப்புக்கு எங்கள் வீட்டில் அப்பீல் கிடையாது.

எங்கள் வண்டி 1989-ம் வருஷத்து மார்க் நான்கு. தகப்பனார் வாங்கியது. பதினைந்து வயது கடந்த சொந்தக் கார்களுக்கு ஐந்து வருஷத்துக்கொரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பது சட்டம். அப்படிப் புதுப்பிக்கும் கட்டணம் முன்பு அறுநூறு ரூபாயாக இருந்தது. 2022 ஏப்ரலில் ஐயாயிரம் ஆயிற்று. 2025 ஆகஸ்டில், இருபது வயது தாண்டிய கார்களுக்குப் பத்தாயிரம் ஆயிற்று. பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். இன்ஸ்பெக்டர் வண்டியின் அடியில் குனிந்து பார்க்கும்போது வில்லில் விரிசல் இருந்தால், பணம் கட்டியும் பயனில்லை. எங்கள் வண்டியின் முறை 2024-ல் வந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால்தான் வெள்ளம் வந்திருந்தது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த ஜில்லாவில் எவரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டு வந்தாள். எங்கள் தெருவில் இரண்டு நாள் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு வண்டியைக் கழுவித் துடைத்து, எஞ்சின் எண்ணெயை மாற்றி, ஸீட்டுகளை வெயிலில் காயவைத்தோம். மேலே பார்த்தால் புது மாப்பிள்ளை மாதிரி இருந்தது. ஆனால் ஆற்று வண்டல் இருக்கிறதே, அது நுழையாத இடமில்லை. கமான் பட்டைகளின் இடுக்கிலும், அவற்றைத் தாங்கும் கொண்டிகளிலும், போல்ட்டுத் துவாரங்களிலும் போய் உட்கார்ந்துகொண்டு, மாதக் கணக்கில் ஈரத்தை விடாமல் பிடித்து வைத்திருந்தது. கோடையில் ஒரு நாள் இடது பின் பக்கம் வண்டி சாய்ந்து நின்றது. படுத்துப் பார்த்தால், பட்டைகளில் மிக நீளமான தாய்ப்பட்டையில் விரிசல்!

\*

இரும்பு துருவாக மாறும்போது சும்மா மாறுவதில்லை, பருக்கிறது. துருவின் வகையைப் பொறுத்து, தான் முன்பு அடைத்திருந்த இடத்தைப்போல் இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரையில் கேட்கும். போல்ட்டுக்கும் அது நுழைந்த குழாய்க்கும் நடுவே இருக்கும் இடைவெளியோ மயிரிழை. அந்த மயிரிழையில் துரு விளைந்தால், இரண்டு உருப்படிகளும் ஒரே உருப்படியாகிவிடுகின்றன. பூட்டும்போது விரல் நுனியால் தள்ளி நுழைத்த போல்ட்டைக் கழற்றும்போது சம்மட்டி கொண்டு அடித்தாலும் அசையாததன் ரகசியம் இதுதான்.

ஹெரால்டு வண்டி வைத்திருந்தவர்களைக் கேட்டால் இன்னும் உருக்கமாகச் சொல்லுவார்கள். அதன் பின் சக்கரத்தைத் தாங்கும் நீளமான போல்ட், எஃகுக் குழாய்க்குள் துருவேறி இறுகுவதில் உலகப் பிரசித்தம். முன் சக்கரத்திலோ, வெண்கலத்தில் செய்த மரைக் கட்டை ஒன்று உண்டு. அதற்குக் கியர் எண்ணெய் விட வேண்டும் என்பது செய்தவர்கள் விதி. கிரீஸ் அடித்தால் போதும் என்று நினைத்தவர்களின் வண்டிகளில் சக்கரம் திரும்ப மறுத்துத் தண்டே முறிந்ததுண்டு. கிரீஸைவிட எண்ணெய் மலிவு. ஆனால் இரண்டு மாதத்துக்கொரு முறை ஞாபகம் வேண்டும். ஞாபகத்துக்கு என்ன விலை என்று எந்தக் கடையிலும் எழுதிப் போடவில்லை.

நிற்க. எங்கள் வண்டிக்கு வருகிறேன். ஒரு பட்டறையில் விசாரித்தேன். "வெல்டிங் நெருப்பு வைத்து ஒரு மணி நேரத்தில் அறுத்துப் போட்டுவிடுவோம், ஸார்" என்றார்கள். அம்பாஸடரின் பெட்ரோல் தொட்டி பின்புறத்தில்தான் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாமல் இராது. ஆக்ஸிஜன்-அஸிட்டிலின் சுவாலையின் உஷ்ணம் மூவாயிரம் டிகிரிக்கு மேல். இந்த இரண்டையும் ஒரு முழ தூரத்தில் வைக்க எனக்கு மனம் துணியவில்லை. எங்கள் தெருக் கோடியில் முன்பு லாரிப் பட்டறை வைத்திருந்து, இப்போது பிள்ளைகளிடம் விட்டுவிட்டு ஓய்வாயிருக்கும் ஒரு பெரியவர் உண்டு. அவரிடம் போய், "பாய், இதை வீட்டில் வைத்தே கழற்ற முடியுமா?" என்று கேட்டேன்.

"முடியாம என்ன? சார்வாள் ஏன் அவசரப்படுதிய? துருவுக்குத் தாகம் ஜாஸ்தி. மூணு ராத்திரி எண்ணெயைக் குடிக்கக் குடுங்க. அதுக்குப் பொறவு பேசுவோம்" என்றார்.

அந்த மூன்று இரவும் வீண் போகவில்லை. முதலில் கம்பி பிரஷ் கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரைகளையெல்லாம் பளபளவென்று தேய்த்துவிட வேண்டும். வண்டலும் பழைய பெயின்டும் மூடியிருந்தால் எண்ணெய் உள்ளே இறங்காது. பிறகுதான் எண்ணெய். கடையில் டப்பாவில் விற்கும் துரு இளக்கும் எண்ணெய் நல்லது. பட்டறைகளில் மண்ணெண்ணெயோடு மெல்லிய எண்ணெய் கலந்து விடுவார்கள். தானியங்கிக் கியர் எண்ணெயையும் அஸிட்டோனையும் சரி பாதியாகக் கலந்து விடுகிறவர்களும் உண்டு. அஸிட்டோன் கற்பூரத்தைவிடச் சீக்கிரம் பற்றிக்கொள்ளும் சரக்கு. அடுப்படிப் பக்கம் கொண்டு போகலாகாது. எதுவானாலும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல மயிரிழை இடுக்கில் தானாக ஏறிப் போக அதற்குக் காலம் வேண்டும். காலையும் மாலையும் நாலு சொட்டு விட்டு, ஒவ்வொரு முறையும் போல்ட்டின் தலையில் சிறு சுத்தியலால் இரண்டு தட்டு. அந்த அதிர்ச்சியில் துரு வெடித்து வழி விடுகிறது.

\*

நாலாம் நாள் காலையில் காரியம் ஆரம்பமாயிற்று. இந்த இடத்தில் நேயர்கள் சற்று நிதானித்துப் படிக்க வேண்டும், ஏனென்றால் இது உயிர் விஷயம். அம்பாஸடரின் எடை ஒரு டன்னுக்கு மேல். ஜாக்கி என்பது வண்டியைத் தூக்குவதற்கு ஏற்பட்ட கருவியே தவிர, தாங்கி நிற்பதற்கு ஏற்பட்டதன்று. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் தலையை நீட்டுகிறவர், மலைப்பாம்பின் வாயில் தலையை நீட்டுகிறவரைவிட எந்த விதத்திலும் புத்திசாலி அல்லர். செங்கல், ஹாலோ பிளாக் இவைகளை அடுக்கி முட்டுக் கொடுப்பது அதனினும் மோசம். செங்கல் தான் நொறுங்கப் போவதாக முன்கூட்டி எச்சரிக்கை செய்யாது.

சமதளமான சிமெண்டுத் தரையில் வண்டியை நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தோம். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சற்று இளக்கிக்கொண்டு, அச்சின் நடுவில் ஜாக்கி வைத்துத் தூக்கினோம். பிறகு இரும்பு ஸ்டாண்டுகளை வண்டியின் உடம்புக்கு அடியில், கமான் பட்டையின் முன் கொண்டிக்கு முன்னாலுள்ள கனமான பெட்டிச் சட்டத்தில் நிறுத்தினோம். அம்பாஸடருக்குத் தனியாகச் சட்டம் கிடையாது, உடம்பே சட்டம். வெள்ளத்தில் நின்ற வண்டியானால், ஸ்டாண்டு வைக்குமிடத்தை முதலில் ஒரு திருப்புளியால் அழுத்திக் குத்திப் பார்க்க வேண்டும். திருப்புளி உள்ளே போனால் ஸ்டாண்டும் உள்ளே போகும்! எங்கள் வண்டியில் தகடு கெட்டியாக இருந்தது. கழற்றிய சக்கரங்களையும் வண்டிக்கு அடியில் படுக்க வைத்தோம்; ஸ்டாண்டு சரிந்தாலும் ஆள் நசுங்காமல் இடம் இருக்கும். ஜாக்கி அச்சுக்கு அடியிலேயே இருந்தது. அச்சைச் சிறிது ஏற்றி இறக்கி, போல்ட்டுகளின் மேல் பாரம் விழாதபடி செய்வதற்கு அது வேண்டும்.

அடுத்தது ஸ்பானர். இந்த வண்டியின் நட்டுகள் அங்குல அளவு. 1948-ல் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் கூடிப் பேசி மரைகளுக்கு ஒரு பொது அளவு வகுத்தன. அந்த வம்சத்து மரைகள் இவை. நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஸ்பானர்களோ மில்லிமீட்டர் அளவு. 9/16 அங்குல நட்டு என்பது 14.3 மில்லிமீட்டர். அதற்குப் பதினாலு நம்பர் ஸ்பானர் நுழையாது. பதினைந்து நுழைந்து ஆடும். ஆடுகிற ஸ்பானரால் இறுகிய நட்டைத் திருகினால் நட்டின் ஆறு மூலையும் தேய்ந்து, அது கோலிக்குண்டு ஆகிவிடும். பிறகு அதைப் பிடிக்க உலகத்தில் கருவி கிடையாது. அரை அங்குலத்துக்குப் பதின்மூன்று நம்பரும் இதே ரகந்தான். முக்கால் அங்குலத்துக்கு மட்டும் பத்தொன்பது சரியாக உட்காரும். ஆகையால் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் அங்குல ரிங் ஸ்பானர் ஒரு செட்டு வாங்கி வைப்பது, வீட்டில் அம்மி வைத்திருப்பதைப் போல அவசியம். அதன் கைப்பிடியில் இரண்டடி இரும்புக் குழாய் ஒன்றை மாட்டிக்கொண்டால் ஒருவர் பலம் மூவர் பலமாகும். இளக்குவதற்கு முன்னால் நட்டை ஒரு மயிரிழை முறுக்கிப் பார்ப்பது பாய் சொன்ன உபாயம். துருவின் பிடி எந்தப் பக்கம் உடைந்தாலும் உடைந்ததுதானே?

பட்டையை அச்சோடு சேர்த்துக் கட்டியிருக்கும் யூ போல்ட்டுகளுடன் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. எப்படியும் புதியதுதான் போடப்போகிறோம்; ஆக்ஸா பிளேடால் அறுத்துத் தள்ளிவிட்டோம். பின் முனையில் ஊஞ்சல் போலத் தொங்கும் ஷாக்கில் கொண்டியும் ரொம்பத் தொந்தரவு கொடுக்கவில்லை. அதன் ரப்பர் புஷ்கள் உளுத்துப்போய், பின்கள் சில தட்டுக்களில் வந்துவிட்டன.

முன் கொண்டிப் போல்ட்டுதான் உண்மையான வில்லன். நட்டு கழன்றுவிட்டது. போல்ட்டின் தலையைத் திருகினால் கால் சுற்று திரும்பியது. எங்களுக்கு ஒரே ஆனந்தம்! ஸ்பானரை விட்டதும் அது மெள்ளத் தன் பழைய இடத்துக்கே திரும்பி வந்துவிட்டது. மறுபடியும் திருகினோம், மறுபடியும் திரும்பி வந்தது. அந்தப் பட்டையின் கண்ணுக்குள் இருப்பது சைலன்ட் பிளாக் என்னும் புஷ். உள்ளே ஒரு எஃகுக் குழாய், வெளியே ஒரு எஃகுக் குழாய், நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். போல்ட் உள் குழாயோடு துருவால் ஒன்றாகிவிட்டது. நாங்கள் திருகியதெல்லாம் ரப்பரைத்தான். ரப்பர் முறுகி, விட்டதும் தன் சுபாவப்படி திரும்பிற்று. இந்த அறிகுறியைக் கண்டுகொண்டால் அரை நாள் வேலை மிச்சம்.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இந்தப் போல்ட்டை அடித்தால் தலை அகன்று காளான் ஆகுமேயன்றி நகராது. அடிக்கும் வேகத்தையெல்லாம் நடுவிலுள்ள ரப்பர் விழுங்கிவிடுகிறது. அடித்துத்தான் தீருவதென்றால், நட்டை மரையின் நுனிக்குச் சமமாகத் திருகி வைத்து, நடுவே ஒரு பித்தளைத் துண்டு பிடித்து, நாலைந்து பலத்த அடி கொடுத்துப் பார்க்கலாம். அதற்கு மேல் அடிப்பது கொண்டிக்குத்தான் கேடு.

நெருப்பின் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். உஷ்ணத்தால் இரும்பு விரிகிறது. பதினாலு மில்லிமீட்டர் துவாரத்தை முந்நூறு டிகிரி சூடேற்றினால், விட்டம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு பெரிதாகும். சொற்பந்தான், ஆனால் துருவின் பிடி விட அது போதும். சூடான நட்டில் மெழுகுவர்த்தியைத் தொட்டால் மெழுகு உருகி மரைக்குள் ஓடிப் போய் வழுக்கல் கொடுக்கும். பெட்ரோல் தொட்டிக்கும் பிரேக் குழாய்க்கும் எட்டாத இடமானால் இந்த உபாயம் அருமையானது. ஆனால் எண்ணெய் நிரம்பிய ஷாக் அப்சார்பரைச் சுட்டால் வெடிக்கக் கூடும். ரப்பர் புஷ் எரிந்தால் வரும் புகை நெஞ்சை அடைக்கும். மறுபடியும் உபயோகிக்கப் போகும் கமான் பட்டையைச் சிவக்கச் சுட்டால் அதன் வில் குணமே போய், வளைந்தது வளைந்தபடி நிற்கும். எஃகை எந்தப் பதத்தில் ஆறவிட வேண்டும் என்பது கொல்லருக்குத் தெரிந்த வித்தை, நமக்கன்று. எங்கள் போல்ட்டுக்குப் பக்கத்தில் பிரேக் குழாய் ஓடியது. நெருப்பு வேண்டாம் என்று தீர்மானித்தோம்.

"தாய்ப்பட்டை எப்படியும் போச்சு. போல்ட்டும் போச்சு. ரெண்டையும் காப்பாத்தணும்னு என்ன நேர்த்திக்கடனா? அறுங்க, சார்வாள்" என்றார் பாய்.

கொண்டியின் தகட்டுக்கும் பட்டையின் கண்ணுக்கும் நடுவில் ஆக்ஸா பிளேடு நுழையும் அளவுக்குத்தான் இடம். பிளேடை அதன் சட்டத்திலிருந்து கழற்றி, ஒரு முனையில் துணி சுற்றிக் கையால் பிடித்துக்கொண்டு அறுக்க வேண்டும். கண்ணாடி அணியாமல் இந்த வேலையில் இறங்கலாகாது. படுத்துக்கொண்டு பார்ப்பவர் கண்ணில்தான் இரும்புத் தூள் விழும். என் மருமகப் பிள்ளையும் நானும் மாறி மாறி அறுத்தோம். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வெட்டு, நாலு பிளேடு, காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு வரை. அன்று செவ்வாய்க்கிழமை. சந்தைக்கு ஆடு வாங்கப் போகிறவர்களும் வாங்கித் திரும்புகிறவர்களும் ஒருவர் விடாமல் நின்று எங்களுக்கு யோசனை சொன்னார்கள். இரண்டாவது வெட்டு முடிந்ததும், 35 வருஷமாக அந்த இடத்தை விட்டு அசையாத பட்டை 'டண்' என்று ஜாக்கியின் மேல் இறங்கிற்று. தாயார் உள்ளேயிருந்து, "யாருக்கும் ஒன்றுமில்லையே?" என்று கேட்டுக்கொண்டே வந்துவிட்டார்கள்.

\*

பூட்டும் வேலை அதே நாள் மாலையில் ஆகிவிட்டது. புதிய போல்ட்டின் உடம்பு முழுவதும் செப்புத் தூள் கலந்த கிரீஸ் பூசினோம். கிராபைட் கிரீஸும் இதற்கு ஆகும். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் யாராவது ஒரு விரல் அளவு பூசியிருந்தால் இவ்வளவு அறுவையும் இல்லை. வலது பக்கத்துப் பட்டை நல்ல நிலையில் இருந்தது. அதன் பழைய புஷ்ஷை மட்டும் மாற்ற, வெளிக் குழாயை உட்புறமாக ஆக்ஸா பிளேடால் நீளவாட்டில் கீறி, உளியால் ஓரத்தை மடக்கினோம். பிறகு பெஞ்சு வைஸில் வைத்து நெருக்கியதும் வந்துவிட்டது.

பெரும்பாலோர் கவனிக்காத நுட்பம் ஒன்று உண்டு. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி அந்தரத்தில் இருக்கும்போது கடைசி முறுக்கு முறுக்கக் கூடாது. அப்போது பட்டை தொங்கி நிற்கிறது. அந்த நிலையில் உள் குழாயை இறுக்கிவிட்டால், வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுகியபடியே ஆயுள் முழுவதும் நிற்க வேண்டும், சீக்கிரத்தில் கிழிந்துபோகும். சக்கரத்தைப் பூட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் முழுவதும் பட்டையில் விழுந்த பிறகுதான் இறுக்க வேண்டும். யூ போல்ட்டு நட்டுகளை ஐந்நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு முறை முறுக்குவதும் அவசியம். புதிய பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து சற்று இளகும்.

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார், கையெழுத்துப் போட்டார். ஒடிந்த பட்டையைப் பழைய இரும்புக்குப் போட மனமில்லாமல் திண்ணையில் சாத்தி வைத்திருந்தேன். பழைய கமான் பட்டையில் அடித்த அரிவாளுக்கு நம் பக்கத்தில் தனி மதிப்பு உண்டல்லவா? வயல் வேலைக்கு வரும் ஆள் ஒருவர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இதுல ரெண்டு அரிவாள் தேறும். ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எனக்கு" என்று சொல்லி, சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டு போனார்.